மீட்டர் சொல்லாத வயது

வண்டியைப் பார்க்க வந்த இளைஞர் கேட்டது ஒரே கேள்விதான். "எவ்ளோ ஓடியிருக்குண்ணா?"

சாவியைத் திருப்பிக் காட்டினேன். 52,000 கிலோமீட்டர். வாங்கி ஐந்து ஆண்டு. அவர் டேங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு மனக்கணக்குப் போட்டார். பழைய வண்டி வாங்குகிற எல்லாரும் போடுகிற கணக்கு. "வருஷத்துக்குப் பத்தாயிரம். பரவால்ல."

அந்தக் கணக்கு என் வண்டிக்குப் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். சொல்வதா வேண்டாமா என்பதுதான் குழப்பம். காரணம் கொஞ்சம் நீளமானது.

அது ஸ்போர்ட் டூரர் வகை பைக். பந்தய வண்டியைப் போல முன்பக்கம் ஃபேரிங் மூடியிருக்கும். ஆனால் பந்தய வண்டியைப் போல ஆளை இரண்டாக மடிக்காது. நாள் முழுக்க நெடுஞ்சாலையில் போவதற்கென்று சீட்டும் கைப்பிடியும் கொஞ்சம் இரக்கத்தோடு அமைந்திருக்கும். 2003-இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மா இந்த ஆசையை நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 2011-இல் ஹோண்டா சிபிஆர் 250ஆர், 2017 டிசம்பரில் ஓசூர்க்காரர்களின் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 என்று ஆசை வளர்ந்தது. விளம்பரத்தில் இவை மலைப்பாதையில் சாய்ந்து வளையும். வாங்கியவர்களில் பாதிப்பேர் ஓட்டுவது வீட்டிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து வீட்டுக்கு.

நானும் அப்படித்தான். அம்பத்தூர் ஓ.டி.யில் கிளம்பி, ஆவடி, பருத்திப்பட்டு, காடுவெட்டி, கரையான்சாவடி வழியாகப் பூந்தமல்லி. ஒரு வழிக்கு 17 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். அதாவது சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர்.

இந்த வட்டாரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், செயின் செய்யும் டி.ஐ. டயமண்ட். ஆவடியில் இரும்புக் குழாய் செய்யும் டியூப் புராடக்ட்ஸ்; டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை. டன்லப் டயர் ஆலை மூடிய பிறகும் அந்த ஸ்டாப்புக்குப் பெயர் டன்லப்தான். சி.டி.எச். ரோட்டில் இந்தப் பெயர்களைக் கோத்தாலே முக்கால் வண்டி தேறிவிடும். வண்டியின் உறுப்பெல்லாம் செய்கிற ஊரில், வண்டியை ஓட்டத்தான் இடமில்லை.

மிக்ஸி போதும்

ஒரு பைக்கை ஓட்ட எவ்வளவு திறன் வேண்டும்? வண்டி 170 கிலோ, ஆள் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் இரண்டு எதிரிகளோடு மல்லுக்கட்டுகிறது. ஒன்று, டயர் தரையில் நசுங்கி நிமிர்வதால் வரும் உருளல் தடை. அது வேகத்தோடு அதிகம் மாறுவதில்லை. ஏறக்குறைய மூன்றரை கிலோ எடை பின்னால் இழுப்பது போல எப்போதும் இருக்கும். இன்னொன்று காற்று. அதன் குணம் வேறு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு விசை நான்கு மடங்காகும். அதைச் சமாளிக்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், மணிக்கு 30 கிலோமீட்டரில் காற்று நம்மைப் பின்னால் தள்ளுவது சுமார் 2 கிலோ விசையில்தான். 100 கிலோமீட்டரில் அது 23 கிலோ அளவுக்கு ஏறிவிடும். முதல் வேகத்துக்கு மொத்தமாகத் தேவைப்படுவது அரைக் கிலோவாட்டுக்கும் சற்றுக் குறைவு. வீட்டு மிக்ஸியின் மோட்டார் அவ்வளவு தரும். இரண்டாவது வேகத்துக்கு 7 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். பதினைந்து மடங்குக்கும் அதிகம். ஸ்போர்ட் டூரரின் 30 குதிரைத்திறன் எஞ்சின், காற்றைக் கிழிக்கும் ஃபேரிங், நெருக்கமான ஆறு கியர் எல்லாமே இந்த இரண்டாவது கணக்குக்காக வடிவமைத்தவை. ஆவடி செக்போஸ்ட்டில் ஊரும்போது அதில் ஐம்பதில் ஒரு பங்குக்குத்தான் வேலை.

வேலை குறைவென்றால் பெட்ரோலும் குறைய வேண்டுமே? அந்த அளவுக்குக் குறைவதில்லை. த்ராட்டிலை லேசாகத் திறந்து ஓட்டும்போது எஞ்சினுக்குள் காற்று நுழையும் வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. ஸ்ட்ராவைப் பல்லால் கடித்துக்கொண்டு இளநீர் உறிஞ்சுவதைப் போல, பிஸ்டன் அந்த அடைப்பை எதிர்த்தே காற்றை இழுக்க வேண்டும். அதற்கு ஒரு கூலி. எஞ்சினுக்குள் நடக்கும் உராய்வுக்கு இன்னொரு கூலி. நீங்கள் மெதுவாகப் போனாலும் அது தள்ளுபடி தராது. பெரிய அடுப்பைப் பற்றவைத்து ஒரு டம்ளர் பால் காய்ச்சுவது போன்ற செலவு.

கத்திரி வெயிலில் குக்கர்

மே மாதம், மதியம் இரண்டு மணி, ஓ.டி. சிக்னல். முழங்காலுக்குக் கீழே சூடான மூச்சு ஒன்று திடீரென்று அடிக்கும். ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கிவிட்டது. பெட்ரோலின் ஆற்றலில் நல்ல நாளில்கூடக் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மற்றதெல்லாம் வெப்பம். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று அதை வாரிக்கொண்டு போய்விடும். சிக்னலில் காற்று இல்லை, உள்ளங்கை அகல ஃபேன்தான் இருக்கிறது.

சூடு வெளியேறும் வேகம், கூலன்ட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 100 டிகிரி என்றால், மார்கழிக் காலையில் 24 டிகிரிக் காற்றோடு வித்தியாசம் 76. கத்திரியில் 40 டிகிரிக் காற்றோடு வெறும் 60. அதே ரேடியேட்டர், அதே ஃபேன். வெளியே போகும் வெப்பம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

100 டிகிரியில் கூலன்ட் கொதித்துவிடாதா? ரேடியேட்டர் மூடி அதைத் தடுக்கிறது. மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங், குக்கர் வெயிட்டைப் போலவே அழுத்தத்தை அடக்கி வைக்கிறது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். 120 டிகிரியைத் தாண்டினாலும் உள்ளே திரவம் திரவமாகவே இருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே என்று மெக்கானிக் அதட்டுவது இதனால்தான். வெயிட்டோடு இருக்கிற குக்கரை யாராவது திறப்பார்களா? இந்தச் சின்ன மூடிக்கும் நம் வட்டாரத்துக்கும் ஒரு சொந்தம் உண்டு. பாடியில் வளர்ந்த சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ்தான் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிப் பெயர் வாங்கியது.

ஒரு பிரேக்குக்கு அரை டீ

மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் 240 கிலோவை நிறுத்தினால், அது சுமந்திருந்த 15 கிலோஜூல் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கில் வெப்பமாகிறது. 15 கிலோஜூல் என்றால் 50 மில்லி தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு. அரை கிளாஸ் டீ. காலையில் ஆவடி போய்ச் சேர்வதற்குள் இருபது தடவை நின்று கிளம்பினால், ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்திருக்கும். நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் வரை போகிறவர் அத்தனை தடவை பிரேக்கைத் தொடுவதில்லை.

நிற்பதைவிடக் கிளம்புவது மோசம். எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கிறது, சக்கரம் நிற்கிறது. இரண்டையும் சேர்த்துவைப்பது எண்ணெயில் நனைந்த கிளட்ச் பிளேட்டுகள். அவை வழுக்கி வழுக்கித்தான் பிடிக்கும். எஞ்சின் ஒரே சீராகச் சுற்றும்போது கிளட்ச்சை விட்டால், பிடித்து முடிக்கும்வரை வண்டிக்கு எவ்வளவு இயக்க ஆற்றல் கிடைக்கிறதோ, அவ்வளவு ஆற்றல் கிளட்ச்சில் சூடாகப் போகிறது. இயற்பியல் வசூலிக்கும் வரி இது. எவ்வளவு நாசூக்காக ஓட்டினாலும் தப்ப முடியாது. வேகத்துக்காகச் செய்த வண்டிகளில் முதல் கியரே நீளமானது. அதனால் மெதுவாக ஊர வேண்டுமென்றால் ஹாஃப் கிளட்ச் தவிர வேறு வழியில்லை. அப்போது வரி நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும்.

இதே எண்ணெய்தான் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் கிளட்ச்சையும் ஒன்றாகக் காக்கிறது. கார் எண்ணெய் மிச்சமிருக்கிறதே என்று பைக்கில் ஊற்றுகிறவர்கள் உண்டு. உராய்வைக் குறைக்கும் பொருட்கள் கார் எண்ணெயில் கலந்திருக்கலாம். காருக்கு அது நல்லது, எண்ணெயில் ஊறும் பைக் கிளட்ச்சுக்கோ பிடிமானம் போய்விடும். டப்பாவில் ஜாஸோ எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

காற்றுத் தலையணை

முதல் ஆறு மாதம் என் மணிக்கட்டு வலித்தது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் பெங்களூரு சாலையில் போனால் வலி இல்லை. திங்கட்கிழமை பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வலி. அதே வண்டி, அதே கை. விடை மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. முன்னால் சாய்ந்து உட்காரும்போது உடம்பின் எடையில் ஒரு பகுதி கைக்கு வருகிறது. வேகத்தில் எதிர்க்காற்று மார்பைத் தாங்கி அந்த எடையை வாங்கிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத தலையணை. 30 கிலோமீட்டரில் அந்தத் தலையணையில் பஞ்சே இல்லை.

சமநிலையும் அப்படித்தான். வேகத்தில் போகும் இருசக்கர வண்டி தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். சுழலும் சக்கரத்தின் சுழற்சி விளைவுதான் காரணம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். 2011-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த விளைவை முழுக்க நீக்கிவிட்டு ஒரு சைக்கிள் செய்தார்கள். முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் கைப்பிடி அச்சுக்குப் பின்னால் இருப்பதால் வரும் உதவியையும் எடுத்துவிட்டார்கள். அது ஆளில்லாமல் தானே நிமிர்ந்து ஓடியது. எடை எங்கே இருக்கிறது என்பதும் அதில் பங்கு வகிக்கிறது என்று காட்டினார்கள். ஆனால் எந்த விளக்கத்திலும் ஒன்று மாறவில்லை: வண்டிக்கு வேகம் வேண்டும். நடக்கிற வேகத்தில் அந்த உதவி கிடைக்காது. உள்ளங்கையில் துடைப்பக் கட்டையை நிறுத்தும் சிறுவனைப் போல, வண்டி சாயும் பக்கம் கைப்பிடியை ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஃபேரிங்கும் டேங்கும் இடிக்காமலிருக்க ஸ்போர்ட் டூரரில் கைப்பிடி திரும்பும் கோணத்தைக் குறைத்திருப்பார்கள். ஸ்கூட்டர்க்காரர் ஒரே வீச்சில் யூ-டர்ன் போடும் இடத்தில் நாம் காலை ஊன்றி, பின்னால் தள்ளி, ஷேர் ஆட்டோவிடம் திட்டு வாங்கித் திரும்புவோம்.

மிக்ஜாம் வந்த வாரம்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. எங்கள் தெருவில் சீட் வரைக்கும் முங்கிய வண்டிகள் ஏழெட்டு. வெள்ளம் வடிந்த அன்றே பக்கத்து வீட்டுத் தம்பி ஸ்டார்ட்டரை அழுத்தினார். 'டொக்' என்று ஒரே சத்தம். முடிந்தது.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. காற்று வடிகட்டி வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், மேலே எழும்பும் பிஸ்டன் சுவரில் முட்டியது போல நிற்கும். நடுவில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராடு வளையும். முங்கிய வண்டிக்கு முதல் மருத்துவம் ஸ்டார்ட்டரைத் தொடாமலிருப்பது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் இருப்பதை வெளியேற்றி, எண்ணெய் பால்காபி நிறத்தில் இருந்தால் அதையும் மாற்றிய பிறகுதான் சாவி.

மழை இல்லாத நாளிலும் எஞ்சினுக்குத் தண்ணீர் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதன் விளைவு. நீண்ட ஓட்டத்தில் அது நீராவியாகவே வெளியேறிவிடும். கடைக்கும் கோயிலுக்கும் என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால், சூடேறாத சைலன்சரின் உள்சுவரில் அது படியும். வெளியே பளபளக்கும் சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாவது இப்படித்தான்.

மணிக்கணக்கு

இப்போது இளைஞரின் கேள்விக்கு வருவோம்.

என் 52,000 கிலோமீட்டரில் வேலைக்குப் போய் வந்தது 42,000. மணிக்கு 20 கிலோமீட்டர் சராசரி என்றால் எஞ்சின் ஓடியது 2,100 மணி நேரம். மீதி 10,000 திருவண்ணாமலை, பெங்களூரு, கிழக்குக் கடற்கரைச் சாலை. 70 கிலோமீட்டர் சராசரியில் 140 மணி. மொத்தம் 2,240. இதே 52,000-ஐ முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டியிருந்தால் சுமார் 740 மணிதான் ஆகியிருக்கும். மீட்டர் எண் ஒன்று; எஞ்சின் உழைத்த காலம் மூன்று மடங்கு.

சுற்றுக்கணக்கிலும் பார்க்கலாம். நகர நெரிசலில் ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம். அதில் ஒரு நிமிடம் நின்றபடி 1,400 சுற்று. இரண்டு நிமிடம் சின்ன கியரில் நிமிடத்துக்கு 4,000 வீதம் 8,000 சுற்று. ஆக 9,400. ஆறாவது கியரில் 80 கிலோமீட்டரில் போனால், 5,500 சுற்று வேகத்திலும் ஒரு கிலோமீட்டருக்கு 45 விநாடிதான்; 4,100 சுற்றில் முடிந்துவிடும். எஞ்சின் அலறினாலும் நெடுஞ்சாலைதான் அதற்கு ஓய்வு.

செயினைப் பாருங்கள். 'செயின் லூஸ் ஆயிடுச்சு, நீண்டுபோச்சு' என்போம். இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. நூற்றுச் சொச்சம் இணைப்பில் ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால், மொத்தச் செயின் ஒரு சென்டிமீட்டர் கூடிவிடும். பின் ஸ்பிராக்கெட்டின் கடைக்கோடியில் செயினை விரலால் பின்னுக்கு இழுங்கள். பல்லில் பாதி கண்ணுக்குத் தெரிந்தால் அதற்கு வயதாகிவிட்டது. லாரித் தூசியும் மழைச் சேறும் சேர்ந்தால் செயினில் இருப்பது கிரீஸ் அல்ல, உப்புக் காகிதம்.

டயரோ கிலோமீட்டரே ஓடாமலும் கிழடாகும். பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வெயிலும் ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக்கிக்கொண்டே இருக்கும். நேர்சாலையில் தினமும் ஓட்டுவதால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து டயர் சப்பையாகிவிடும். உருண்டை டயர் சீராகச் சாயும். சப்பை டயர் ஒரு விளிம்பில் ஏறி இறங்குவது போல வெடுக்கென்று சாயும். வண்டி மாறிவிட்டது என்று ஓட்டுகிறவர் நினைப்பார். மாறியது ரப்பர்.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. 2025-இல் நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலப்பு வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். எனவே கலவையின் ஒரு லிட்டரில் ஆற்றல் ஆறேழு சதவீதம் குறைவு. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணமும் உண்டு. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் அதைத் தேங்கவிடக் கூடாது.

சட்டம் வண்டிக்கு 15 ஆண்டுப் பதிவு கொடுத்து, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கச் சொல்கிறது. அது நாட்காட்டி வயது. மீட்டர் காட்டுவது தூரத்தின் வயது. செயின், டயர், பிரேக் பேட், கிளட்ச் பிளேட் எல்லாம் மாற்ற மாற்றப் புதிதாகிவிடும். அவற்றுக்காக வண்டியை விற்க வேண்டியதில்லை. பிஸ்டன் வளையம், வால்வு, பேரிங் ஆகியவற்றின் தேய்மானம்தான் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். அதைச் சொல்வது மணிக்கணக்கு.

அப்படியானால் நான் ஏன் மாற்றுகிறேன்? வண்டி கெட்டுவிடவில்லை. மிக்ஸி மோட்டார் போதுமான வேலைக்கு 30 குதிரைகளைக் கட்டிவைத்து, அவை நின்ற இடத்திலேயே தீனி தின்பதை ஐந்து ஆண்டு பார்த்துவிட்டேன். அடுத்து எடுத்திருப்பது மின்சார ஸ்கூட்டர். சிக்னலில் மோட்டார் சுழலாது, தின்னாது. பிரேக் போட்டால் அந்த அரை டீயில் கொஞ்சம் பேட்டரிக்குத் திரும்பும். என் 34 கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். இதை நெடுஞ்சாலையில் 80-இல் விரட்டினால் அதே காற்று பேட்டரியை மளமளவென்று காலி செய்துவிடும் என்பதும் தெரியும். காற்றுக்குப் பெட்ரோலும் ஒன்றுதான், மின்சாரமும் ஒன்றுதான்.

இளைஞர் ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிறவர். சொந்த ஊர் ராணிப்பேட்டைப் பக்கம். வாராவாரம் ஊருக்குப் போய்வர வண்டி வேண்டுமாம். மனசு கேட்கவில்லை. ஒரு துண்டுத் தாளில் 52,000 என்று எழுதி, பக்கத்தில் 2,240 மணி என்றும் எழுதிக் கொடுத்தேன். எப்படி வந்தது என்றும் சொன்னேன்.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் ஹைவேலயே ஓட்டினா மணி மெதுவா ஏறும், இல்லண்ணா?"

"ஆமா."

"இதுவரைக்கும் ஏறினது ஏறினதுதான்?"

"ஆமாப்பா."

"அப்போ ஒரு அஞ்சாயிரம் கொறைச்சுக்கலாம்ணா."

குறைத்துக்கொண்டேன். கணக்கு அவருக்கு நன்றாகத்தான் புரிந்திருந்தது.